அடுத்த பவுன்சர்

போன வருடம் மெர்சலின் வீசிய பவுன்சர், இலங்கை அணியின் தர்சிகாவின் தாடையை உடைத்தது. புல்லில் கிடந்த பல்லை மெர்சலின்தான் பொறுக்கிக் கொடுத்தாள். இன்று அதே தர்சிகா மட்டையோடு எதிரே நின்றாள். பவுன்சர் போடு என்றாள் கேப்டன். மெர்சலினோ வேகத்தைக் குறைத்துக் காலடியில் போட்டாள். நான்கு ரன்.

பிட்ச்சைத் தட்டுவதுபோல் தர்சிகா பாதி தூரம் வந்தாள்.

"உமக்குப் பயமா?"

"உங்களுக்கு இல்லையாக்கா?"

"சரியான பயம். ராவில நித்திரையே இல்லை. ஆனா வேகமாப் போடும். இண்டைக்கு நிக்காட்டி, இனி ஒருநாளும் நிக்கமாட்டன்."

மெர்சலின் திரும்பி நடந்தாள். ஓடத் தொடங்கிய பிறகும், பந்தை எங்கே குத்தப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.