பன்னிரண்டு ஐம்பத்தைந்து

"நீட்டிப்பு வேண்டாம்னு போட்டிருக்கீங்க. ஏங்க, கண்ணாடியை மாட்டிக்கிட்டுத்தானே அழுத்தினீங்க?"

மசுயோ கணவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் திரையில் அவர்கள் வீட்டு அலமாரிக் கூஜா ஏலத்துக்கு நின்றிருந்தது. அந்தக் காலத்தில் ரயில் ஜன்னல் வழியாக டீ ஊற்றி விற்ற பீங்கான் கூஜா. உள்ளங்கைக்குள் அடங்கும். வயிற்றில் 'முகிதா' என்று ஸ்டேஷன் பெயர்.

"தெரிஞ்சுதான் அழுத்தினேன்" என்றார் ஹிசாவோ. ஒகயாமாவில் டிராம் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஆறு வருஷத்தில் இப்படி நாற்பது கூஜா சேர்த்துவிட்டார்.

பழைய ரயில் சாமான்களுக்கென்றே இருக்கிற இணையதளம் அது. வருகிறவர்கள் முக்கால்வாசி கிழவர்கள், எட்டரை மணிக்கே படுத்துவிடுகிற கூட்டம். அதனால் ஏலமெல்லாம் பகல் பன்னிரண்டரைக்கு முடியும். முடியும் என்று பேர்தான். கடைசி ஐந்து நிமிஷத்தில் யாராவது விலையை ஏற்றினால் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும். மறுபடி ஏற்றினால் மறுபடி நீளும். ஒன்றரை மணிவரைகூட இழுத்ததுண்டு. நீட்டிப்பு வேண்டாம் என்று விற்பவர் சொல்லலாம். இதுவரை எவரும் சொன்னதில்லை. நீண்டால்தானே விலை ஏறும்?

"கடைசி நொடியில வந்து பிடுங்கிட்டுப் போறது திருட்டு, நீட்டிப்புதான் நியாயம்னு சூப் ஆறிப்போற வரைக்கும் பிரசங்கம் பண்ணினது யாரு?"

"நான்தான்."

"இந்தக் கூஜாவை வித்து யுபரா வெந்நீர் ஊத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னது யாரு? ஒரு ராத்திரி தங்கல், நண்டுச் சாப்பாடு. நாலு வருஷமா இதையேதான் சொல்றீங்க."

"போகலாம்."

"நீட்டிப்பு இல்லாம விக்கிற விலைக்கு நண்டோட காலைக்கூடப் பார்க்க முடியாது. உன்னோட வர இஷ்டமில்லன்னு நேராவே சொல்லிடுங்க."

ஹிசாவோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அதுவும் இது தவளை57 கிட்டேருந்து பறிச்ச கூஜா. பதினெட்டாயிரம் யென். அன்னிக்கு என்னமா குதிச்சீங்க."

தவளை57 என்பது அந்தத் தளத்தில் யாரோ வைத்துக்கொண்ட பெயர். ஆள் யாரென்று தெரியாது. ஹிசாவோவும் அந்தத் தவளையும் இருபத்து மூன்று தடவை மோதியிருக்கிறார்கள். இருபத்து மூன்றிலும் ஹிசாவோதான் ஜெயித்தார். "பொறுமைன்னா என்னன்னு அந்தப் பயலுக்குக் கத்துக்குடுத்தேன்" என்று மீன்கடைவரைக்கும் போய்ப் பீற்றிக்கொண்டார்.

புதன்கிழமை வந்தது.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு விலை நாலாயிரம். கிழவர்கள் வழக்கம்போல் நிதானமாக நூறு நூறாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எப்படியும் நீளும் என்ற தைரியம். பன்னிரண்டு இருபத்தொன்பதுக்குத் தவளை57 ஒரே தாவலாக ஏழாயிரத்து நூறு போட்டது. அடுத்த நிமிஷம் 'முடிந்தது' என்று வந்துவிட்டது.

உடனே போன் அடித்தது. மூன்று தெரு தள்ளி இருக்கிற குரமோச்சி, அவரும் கூஜா சேர்க்கிறவர்.

"என்னய்யா, நான் நூடுல்ஸை முழுங்கிட்டு வர்றதுக்குள்ள கடையைச் சாத்திட்டே? இருபதாயிரம் வரைக்கும் போறதா இருந்தேன்."

"நீட்டிப்பு இல்லன்னு சிவப்பு எழுத்துல போட்டிருந்தேனே."

"அதையெல்லாம் எவன் படிக்கிறான்?"

குரமோச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் கத்தித்தான் பேசுவார். இருபதாயிரம் என்பது மசுயோவுக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் சமையலறைக்குப் போய் கழுவின கிண்ணங்களையே மறுபடி சத்தமாகக் கழுவினாள்.

திரும்பி வந்தபோது திரையில் ஒரு செய்தி வந்திருந்தது. ஹிசாவோ கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உங்க தவளைதான் எழுதியிருக்கு" என்று அவளே படித்தாள்.

'முகிதா கூஜா கிடைத்ததற்கு மிக்க நன்றி. என் அப்பா அந்த ஸ்டேஷனில் டீ விற்றவர். நான் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண். சாப்பாட்டு நேரம் முடிந்து பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு மணி அடித்தால் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நீங்கள் இருக்கும் ஏலத்தில் கடைசிவரை நான் இருந்தது இதுதான் முதல் தடவை. மணி அடிக்கப்போகிறது, மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன். ஓகுபோ மிச்சிரு.'

மசுயோ கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆறு வருஷமா ஒரு பொண்ணுகிட்டயா மல்லுக்கு நின்னீங்க?"

"பொண்ணுன்னு இப்பத்தான் தெரியும். மணி அடிக்கிறது மட்டும் போன வாரமே தெரியும்."

கூஜாவை விற்கப் போடும்போது பழைய ஏலங்களைப் புரட்டியிருக்கிறார். தவளை கடைசியாக விலை ஏற்றிய நேரத்தை ஒவ்வொன்றாகக் காலண்டரின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தார். 12:54. 12:53. 12:54. இருபத்து மூன்று வரி. ஒன்றுகூட ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை.

மசுயோ அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த மனுஷனையா அப்படிப் பேசினோம் என்று இருந்தது.

"நண்டு இல்லாட்டிப் போகுது" என்றாள். "காலையில போய்க் குளிச்சிட்டு சாயங்காலமே வந்துடலாம். அரிசி உருண்டை நான் பிடிச்சுக்கிறேன். ஆனா மீன்கடைக்காரர் உங்க பொறுமையைப் பத்திக் கேட்டா என்ன சொல்லட்டும்?"

ஹிசாவோ கடைசி ஆரஞ்சுச் சுளையை அவளிடம் நீட்டினார்.

"இருபத்து மூணு தடவையும் என்னை ஜெயிக்க வெச்சது பொறுமை இல்ல, மணி அடிக்காத பென்ஷன்னு சொல்லு."