ஒரு பிழையாவது

வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதச் சொல்லித்தரும் அந்த வகுப்பில், பிழையில்லாமல் எழுதுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். கம்பெனிகளின் வாசிப்பு இயந்திரம் அப்படிப்பட்ட கடிதத்தை 'மனிதர் எழுதியதல்ல' என்று தூக்கி எறிந்துவிடும். லகர ளகரத்தை வேண்டுமென்றே மாற்றிப் போட்டாலோ, அந்தக் கள்ளத்தனத்தையும் கண்டுபிடித்துவிடும். என்ன கூத்தோ!

ஜெசிந்தாவின் கடிதத்தைச் சரிபார்க்கும் முறை இன்று உடன் படிக்கும் செழியனுக்கு. பலமுறை தள்ளுபடியானவள் அவள். இந்தத் தடவையும் தள்ளினால் விண்ணப்பிக்கும் உரிமையே போய்விடும். மடியில் தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செழியன் கடிதத்தைச் சோதனைத் திரையில் வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது.

"பாஸாயிட்டீங்கக்கா!"

"நெசமாவா? நான் எதையும் மாத்திப் போடலியே தம்பி. பிழை எங்க இருக்கு?"

அவனும் வரிவரியாகப் பேனாவை ஓட்டித் தேடினான். சந்தி, ஒற்று எல்லாமே சுத்தமாக இருந்தன. கடைசிப் பத்திக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

'இரவு வேலைக்கும் வரச் சம்மதம். குழந்தையை என் கணவர் பார்த்துக்கொள்வார்.'

போன மாதம்தான் வகுப்பே திரண்டுபோய் அவள் கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தது.

"சொல்லு தம்பி, எங்க? திருத்திருதேன்."

செழியன் பேனாவை மூடினான்.

"சின்னப் பிழைதான்க்கா. திருத்தினா வேலை போயிரும்."