நிழல் வேண்டாத பாலம்

"நிழலே வேணாங்க மேடம். பாலத்து மேல கூரை கீரைன்னு எதுனா போட்டுடாதீங்க."

ராஜாங்கம் இப்படிச் சொன்னதும் சுபஸ்ரீ வரைபடத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். அகல ரயில்பாதை வேறு பக்கம் வந்த பிறகு ரயில் கைவிட்டுவிட்ட பழைய ஆற்றுப்பாலம் அது. சின்னசேலத்துக்குப் பக்கத்தில் பல வருஷமாகச் சும்மா கிடந்தது. அதை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்ற பாதையாக மாற்றுவதுதான் பொறியாளர் சுபஸ்ரீக்குக் கிடைத்த முதல் வேலை. ஊர்க்காரர்களிடம் யோசனை கேட்க வந்திருந்தாள்.

"வெயில்ல எப்படிங்க நடப்பீங்க?"

"இன்னா மேடம், வெயிலு உடம்புக்கு நல்லதாச்சே! டிவியிலயே சொல்றாங்களே."

"சரி, தரைக்குச் சிவப்பும் மஞ்சளுமா கல்லு பதிச்சா அழகா இருக்கும்..."

ராஜாங்கத்தின் மனைவி சின்னப்பொண்ணு குறுக்கே புகுந்தாள். "கல்லு வேணாம்மா. சந்து சந்தா இருக்கும். வழவழன்னு சிமெண்ட்டு பூசிக் குடுத்துடுங்க, போதும்."

"சந்து இருந்தா என்னங்க?"

சின்னப்பொண்ணு புருஷனைப் பார்த்தாள். ராஜாங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பசங்க கால் வெரலு மாட்டிக்கும்ல? அதுக்குத்தான் சொல்றா. அப்புறம், ரெண்டு ஓரத்துலயும் முழங்கால் ஒசரத்துக்கு ஓட்டை இல்லாம சுவரு எழுப்பிடுங்க. ஒண்ணும் ஆத்துல வுழுந்துடக் கூடாது பாருங்க."

"உட்கார பெஞ்சாவது போடட்டுமா?"

"ஐயையோ! வெட்டிப் பசங்க சீட்டாடிக்கினு கெடப்பானுங்க."

சுபஸ்ரீக்கு மனசு குளிர்ந்துபோனது. பிள்ளைகள் மேல் இந்த ஊருக்குத்தான் எவ்வளவு அக்கறை! அவர்கள் சொன்னபடியே வரைபடத்தைத் திருத்தினாள்.

மேலதிகாரி வெங்கடேசன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, பொழுதுக்கும் காடு கழனின்னு நடக்கிற ஜனம். வேலை வெட்டியை விட்டுட்டு உன் பாலத்துல வந்து வேற நடக்குமா?"

"நடப்பாங்க சார். நடக்கலைன்னா இனிமே எனக்கு எந்த வேலையும் தராதீங்க, ஆபீஸ்லயே உட்கார வெச்சுடுங்க" என்றாள் சுபஸ்ரீ ரோஷமாக.

ரோஷத்தில் வாயை விட்டவர்களுக்கு அப்புறம் தூக்கம் வருவதில்லை. கார்த்திகையில் ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள், லட்டு தின்றார்கள். லட்டு தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேர் சைக்கிளில் போய் வந்ததோடு சரி.

"இன்னிக்கு எத்தனை பேரும்மா நடந்தாங்க? நாயையும் சேர்த்தே சொல்லு" என்று வெங்கடேசன் தினமும் காலையில் கேட்க ஆரம்பித்தார்.

பொறுக்க முடியாமல் ராஜாங்கத்துக்குப் போன் போட்டாள். "உங்களை நம்பித்தானேங்க சவால் விட்டேன்? மானம் போகுது!" குரல் கம்மியது.

"அழுவாதீங்க மேடம். இப்ப எல்லாரும் காட்டுல இருக்கோம். பொங்கல் முடியட்டும். அப்புறம் பாலத்துல எடம் பத்தாது பாருங்க."

பொங்கல் முடிந்தது. வெங்கடேசன் தானே நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதப்போவதாகச் சொல்லி ஜீப்பில் ஏறினார். சுபஸ்ரீ பின்சீட்டில் உட்கார்ந்து ராஜாங்கத்துக்கு ரகசியமாகப் போன் செய்தாள். "இன்னைக்கு நாலு பேராவது நடப்பீங்களா?"

"நாலு பேரா? ஊரே பாலத்துலதான் இருக்குது மேடம்! விடிஞ்சதுலேர்ந்து நடந்துக்கினே இருக்கோம்!"

அவளால் நம்ப முடியவில்லை. ஆனால் வளைவு திரும்பியதும் கண்ணால் பார்த்தாள். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஜனம். ஆண்கள் தலையில் துண்டு, பெண்கள் தலையில் முந்தானை. ஓரச் சுவர் முழங்கால் வரை மறைத்தாலும், மெதுவாக, காலைத் தேய்த்துத் தேய்த்து, வரிசை மாறாமல் அவர்கள் நடப்பது தெரிந்தது. கோடிக்குப் போனவர்கள் திரும்பி மறுபடி நடந்தார்கள். உச்சி வெயிலில் ஒருவரும் நிற்கவில்லை.

வெங்கடேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "தோத்துட்டேம்மா. இப்படி ஒரு கட்டுப்பாட்டோட வாக்கிங் போற ஊரை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை. அடுத்த வேலையும் உனக்குத்தான்."

சுபஸ்ரீக்குக் கண்ணீர் முட்டியது. சந்தோஷத்தில் ஜீப்பிலிருந்து குதித்து, அவர்களோடு சேர்ந்து தானும் நடந்துவிடுவது என்று பாலத்தை நோக்கி ஓடினாள்.

நடந்துகொண்டிருந்த சின்னப்பொண்ணு அங்கிருந்தே அலறினாள்.

"மேடம், மேடம்! செருப்பைக் கழட்டிட்டு வாங்க! ஊரு மக்காச்சோளம் மொத்தமும் இங்கதான் காயுது. வந்ததே வந்தீங்க, அந்த சாரையும் கூப்ட்டு ரெண்டு நடை காலால கிளறி வுட்டுட்டுப் போங்க!"