பல்லுக்குள் வந்த பாறை

ஊருக்கு அடியில் கிடக்கும் பாறையா என் வாய்க்குள் இருக்கிறது என்று மாதம்மாள் நினைத்துக்கொண்டாள். பல் மருத்துவர் கொடுத்த கண்ணாடியில் அவளுடைய முன்பற்களின் பழுப்புக் கோடுகள் தெரிந்தன.

"இது மேல படிஞ்ச கறை இல்லம்மா. உங்க ஊருக்கு அடியில இருக்கிற பாறையில புளோரைடு இருக்கு. அது கரைஞ்சு கிணத்துத் தண்ணியில கலந்து, சின்ன வயசுல பல்லு உருவாகும்போதே உள்ள போயிருச்சு. தேய்ச்சா எப்படிப் போகும்?"

சாம்பல், செங்கல்தூள், உப்பு என்று நாற்பது வருடம் தேய்த்திருக்கிறாள். "பொகையில போடுறவளக் கட்டி வெச்சுட்டாங்களே" என்று கல்யாணத்தன்று மாமியார் சொன்னபோது வாயைப் பொத்தியவள், அதன்பின் கையை எடுத்துச் சிரித்ததே இல்லை.

பக்கத்தில் நின்ற மகள் இளவேனி ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தபின் பிறந்தவள். அவளுக்கு வெள்ளைப் பற்கள். "பல்லு மேல வெள்ளையா கேப் போட்டு மறைச்சிரலாம்மா. என் கல்யாண போட்டோவுலயும் கொட்டாவி விடுறவ மாதிரி வாயப் பொத்திக்கிட்டு நிக்கப்போறியா?"

மாதம்மாள் ஒரு பல்லை நாக்கால் தடவினாள். மனிதரே இல்லாத காலத்தில் இறுகிய கல், மண்ணுக்கடியில் துளித்துளியாகக் கரைந்து, பால்பல்கூட விழாத ஒரு சிறுமியின் ஈறுவரை வந்திருக்கிறது. இதையா இத்தனை வருடம் பொத்தி மறைத்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

மருத்துவர் பல்லை ராவும் கருவியை எடுத்தார். "வாயத் தொறங்கம்மா."

"வேண்டாங்க," என்று சொல்லி மகளைப் பார்த்துச் சிரித்தாள். கை மடியிலேயே இருந்தது.