மேலேறும் மண்

மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம். அடிவாரத்தில் கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு மழைக்காலமும் மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து கல்லறைகளின்மேல் கொட்டிவிட்டுப் போகும். மழை விட்டதும் பெண்கள் அதைக் கூடைகளில் அள்ளி, தலையில் சுமந்து ஏறி, மறுபடியும் கொடிகளின் காலடியில் போடுவார்கள். அந்த மண் இல்லாவிட்டால் ஒயினில் நுரை நிற்காது என்பது ஊரின் நம்பிக்கை.

இந்த வருஷம் மழை கல்லறைகளையும் அரித்திருந்தது. செலஸ்தீனாள் கூடையைக் கவிழ்த்தபோது ஒரு கறுப்புப் பொத்தான் உருண்டது. துளைகளில் சிவப்பு நூல். கணவன் லூர்தையனின் சவப்பெட்டியை மூடுமுன், கறுப்பு நூல் அகப்படாமல், அவன் கோட்டில் அவளே அவசரமாகத் தைத்தது. அவன் போய் நான்கு மழைக்காலம் ஆகிறது. நான்கிலும் அவள் மண் சுமந்திருக்கிறாள்.

"என்னடி நின்னுட்ட?" என்றாள் பின்னால் வந்த ரெஜினா.

"ஒண்ணுமில்லக்கா." பொத்தானைக் கொடியின் வேரடியில் வைத்து மூடினாள்.

வேலை முடிந்ததும் வழக்கம்போல் எல்லோருக்கும் போன வருஷத்து ஒயினை ஊற்றினார்கள். அடியிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறி வந்து உடைந்தன. செலஸ்தீனாள் கிளாஸை உதடுவரை கொண்டுபோனவள், அதைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"குடிக்கலையாடி?"

"இருங்கக்கா," என்றாள். "பேசிக்கிட்டிருக்காரு."