குலுங்காத பெட்டி

"வீடு மாற இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. இப்பவே எதுக்குங்க கண்ணாடிச் சாமானை எல்லாம் மூட்டை கட்டறீங்க?"

ஆபீஸிலிருந்து மதியமே திரும்பிவிட்ட மனைவி வாசற்படியில் நின்றபடியே கத்தினாள். கைப்பையை வீசி எறிந்தாள். அதிலிருந்து புத்தம் புதிய பழுப்பு டேப் ஒன்று உருண்டு நாற்காலிக்கடியில் போய் விழுந்தது.

கணவனுக்கு அதைப் பார்க்கவெல்லாம் நேரமில்லை. லீவு போட்டுவிட்டுக் கூடத்தின் நடுவில் சம்மணமிட்டு, கண்ணாடித் தம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"கடைசி நேரத்துல அவசரப்பட்டா உடைஞ்சுடும்மா. அதான் உடையற சாமானை மட்டும் முதல்ல..."

"அடேயப்பா, கரிசனம் பொத்துக்கிட்டு வருது!"

ஆறாக இருந்த தம்ளர்கள் இப்போது நாலுதான். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய ஸ்கூட்டரைத் தன் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தானே, அன்றைக்குச் சுவரில் மோதிப் போனவை மற்ற இரண்டும். அவளுக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்தது சுவருக்குப் போகும். ஆனால் அந்தக் கோபம் சும்மா வராது.

அவனும் கெட்டவனில்லை. கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல நாக்கு எழாது, அவ்வளவுதான். கேட்கப்படுவது மனைவியின் பொருளாக இருந்தால் சுத்தமாக எழாது.

அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் இன்னும் சிவந்தது.

"இதென்னங்க லட்சணம்? தட்டை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வெச்சிருக்கீங்க! லாரி ஒரு பள்ளத்துல இறங்கினா அடித்தட்டு என்ன ஆகும்? நிக்க வைக்கணும்!"

"இப்போதைக்கு இப்படியே இருக்கட்டுமே..."

"இப்போதைக்குன்னா? இந்தப் பெட்டி லாரியில போகப் போகுதா, பரண்ல ஏறித் தூங்கப் போகுதா?"

அவன் அவசரமாக அடுத்த தம்ளரை எடுத்துச் சுற்றினான். அவள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்து, பெட்டிக்கு அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டாள். தட்டுகளை நிறுத்தி இடையிடையே காகிதம் செருகினாள். தம்ளர்களுக்குள் கசக்கிய காகிதத்தைத் திணித்தாள். கை வேகமாக ஓடியது, வாய் அதைவிட வேகமாக.

"இது என்ன? டிவி ரிமோட்டு! இதுவும் கண்ணாடியா?"

"இல்லம்மா... ஒரு பாதுகாப்புக்கு."

"பூ ஜாடி உள்ள, கடிகாரம் உள்ள, சோப்பு டப்பா கூட உள்ள. தலையணை மட்டும் எதுக்கு வெளியே? அதைச் சுத்தி வெச்சா ஜாடி பத்திரமா இருக்காது?"

"அது... அது அங்கேயே இருக்கட்டும்."

அவள் நாற்காலிக்கடியில் கையை விட்டு டேப்பை எடுத்தாள். சர்ரென்று இழுத்து, பல்லால் கடித்து அறுத்து, நிலைக்கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினாள்.

"இந்த அடுப்படியில ஒரு ஜன்னல் உண்டா? புகையில இருமி இருமி என் நெஞ்சே புண்ணாப் போச்சு. நாம போகப் போற வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை தைச்சு வெச்சிருக்கேன். தெரியும்ல?"

"தெரியும்மா."

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"சேச்சே, ஒண்ணுமில்லையே!"

டேப் மறுபடியும் சர்ரென்று கத்தியது. இந்த முறை அவன் துள்ளி விழுந்தான்.

"தூக்கி ஆட்டிப் பாருங்க."

ஆட்டினான். உள்ளே சின்னச் சத்தம்கூட இல்லை. கடைசிப் பெட்டியையும் அவளே ஒட்டி முடித்தாள்.

அவன் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். அலமாரி காலி. மேஜை காலி. அவள் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் அந்தத் தலையணையும்தான் மிச்சம். மெல்ல நகர்ந்து பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"கோபப்படாம கேளும்மா. அந்த வீட்டைத் தங்கச்சிக்கு விட்டுக் கொடுத்துட்டேன். சும்மா பார்க்கத்தான் கூட்டிட்டுப் போனேன், அடுப்படி ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னு கேட்டுட்டா. நேத்தே வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன். நாம இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே..."

சொல்லிவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டான். தலையணை வரவில்லை. வாளியும் வரவில்லை. அதுதான் அவனை இன்னும் கலக்கியது.

கண்ணைத் திறந்தபோது அவள் கைப்பைக்குள் துழாவிக்கொண்டிருந்தாள். ஒரு சாவியை எடுத்து, குலுங்காத அந்தப் பெட்டியின் மேல் டப்பென்று வைத்தாள்.

"வீட்டுக்காரர் காலையிலேயே எனக்குப் போன் பண்ணிட்டார். நேரா அவர்கிட்ட போய், வீடு எங்களுக்குத்தான், இன்னைக்கே வரோம்னு சொல்லிச் சாவியை வாங்கிட்டுதான் வரேன். உங்க வாயிலிருந்து எப்போ வருதுன்னுதான் இவ்வளவு நேரம் பார்த்துட்டிருந்தேன்."

தெருவில் கனமான வண்டி ஒன்று பின்பக்கமாக வந்து நின்று, ஹாரன் அடித்தது.

"லாரி வந்தாச்சு. பெட்டியைத் தூக்குங்க!"