பெரியப்பாவுக்குப் பிறகு

தையற்காரம்மாவின் மகன் பெயரைத் தட்டிவிட்டு விரலை எடுப்பதற்குள் திரையில் விடை வந்துவிட்டது.

பிறப்பு-இறப்புப் பதிவு அலுவலக எழுத்தர் திரையைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே தையற்காரம்மா காத்து நின்றாள்.

பழைய மென்பொருளுக்கு ஆபீஸில் வைத்த பெயர் பெரியப்பா. எதைக் கேட்டாலும் செருமி, கனைத்து, கடைசியில் கையை விரிக்கும். பெயரைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். வந்து திட்டவும் நேரம் இருக்கும்.

அதை மாற்றச் சொல்லி மேலதிகாரியை நச்சரித்தவளே இவள்தான். போன வாரம் பெரியப்பாவை மூட்டை கட்டினார்கள். எல்லா ஊர் இறப்புப் பதிவுகளையும் ஒரே இடத்தில் சேர்த்தாயிற்று, இனி ஒரு நொடிதான் என்று மார்தட்டிவிட்டுப் போனார் பொறியாளர்.

தையற்காரம்மாவின் மகன் வேலை தேடி வெளியூர் போனவன். போனவன் போனவன்தான். போன்கூட இல்லை.

தேடி ஓய்ந்தபின் வாரந்தோறும் இந்த ஜன்னலுக்கு வர ஆரம்பித்தாள். இறந்தவர்களில் அவன் இல்லை என்று கேட்டுக்கொண்டு போவதற்காக. அந்த ஒரு ‘இல்லை’யை வைத்துத்தான் அடுத்த வாரம் வரை தைத்தாள், தின்றாள், தூங்கினாள்.

எழுத்தருக்கும் அதைச் சொல்வதில் ஒரு பெருமை. தானே அவனைப் பிழைக்க வைத்த மாதிரி.

இப்போது திரையில் அவனுடைய அப்பா பெயரைப் பார்த்தாள். பிறந்த ஊரைப் பார்த்தாள். வயதையும் பார்த்தாள். ஏதாவது ஒன்று தப்பாக இருக்கக்கூடாதா? பாழாய்ப்போனது எல்லாம் சரியாகவே இருந்தது.

“இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும்மா. கொஞ்சம் உக்காருங்க.”

அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

பக்கத்து ஜன்னலில் ஜனங்கள் கேட்ட கையோடு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். புது மெஷின் பறக்கிறது என்று ஒருவர் வாயாரப் புகழ்ந்தார். தையற்காரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுத்தரின் முகத்தைப் பார்த்தாள்.

“சுத்தட்டும்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாவே வரட்டும்.”

பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

வழக்கமாக, உட்கார்ந்த இடத்திலிருந்தே வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று துளைத்தெடுப்பவள். அன்று ஆபீஸ் பூட்டும்வரை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.